உங்கள் கொள்கைக்கு ஆகும் செலவு பாக்கெட்டுக்கு நாலு ரூபாய்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். சொந்த ஊர் தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். சத்துமாவு தயாரித்து விற்கிறேன். கேழ்வரகும் கம்பும் ஊரில் தெரிந்த விவசாயிகளிடம், சந்தை விலையை விட அதிகம் கொடுத்து வாங்குகிறேன். எங்கள் தெருப் பெண்கள் ஐந்து பேர் என்னிடம் வேலை செய்கிறார்கள். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 2 ரூபாய் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கு என்று லேபிளில் போட்டிருக்கிறேன். அரைக் கிலோ 180 ரூபாய். மாதம் 800 கிலோ போகிறது. பாதி கடைகள் வழியாக, பாதி நேரடியாக. வருடத்துக்கு 34 லட்சத்துக்கு மேல் விற்கிறேன். ஆனாலும் மாதக் கடைசியில் வங்கியில் ஒன்றும் நிற்பதில்லை. 'இது வியாபாரமா, தர்ம காரியமா?' என்று கணவர் கேட்கிறார். விவசாயிகளுக்கு அதிகம் கொடுப்பதை நிறுத்தச் சொல்கிறார். போன மூன்று மாதம் ஊர்ச் சரக்கு தீர்ந்ததால் மூன்றில் ஒரு பங்கு கேழ்வரகை யஷ்வந்த்பூர் மண்டியில் வாங்கினேன். 'விவசாயியிடமிருந்து நேரடியாக' என்ற லேபிளை மாற்றவில்லை, மனசு உறுத்துகிறது. 'ஆர்கானிக்' என்று போட்டால் விலை ஏற்றலாம் என்கிறார் ஒரு கடைக்காரர். ஜி.எஸ்.டி. பயமும் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? கணக்கெழுதிய தாளை இணைத்திருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

ஆடிட்டரின் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தாளைப் பார்த்தேன். சரக்கு விலை, வண்டிச் சத்தம், அரவைக் கூலி எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். எழுதியவற்றைக் கூட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் குறை. கூட்டிவிட்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருக்கிறது. அதனால் கணவருக்கு என்ன சொல்வது, லேபிளில் என்ன போடுவது என்பதை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு முதலில் ஒரு கிலோவின் அடக்க விலையைப் போடுவோம்.

ஒரு கிலோ தானியக் கலவைக்கு 118 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு கிலோ தானியம் ஒரு கிலோ மாவாக வருவதில்லை. புடைத்து, கல் பொறுக்கி, முளைகட்டி, வறுத்து, அரைத்து வரும்போது நூற்றுக்குப் பத்து சேதாரம் என்று நீங்களே வேறொரு பக்கத்தில் குறித்திருக்கிறீர்கள். அப்படியானால் ஒரு கிலோ மாவுக்கு உண்மையான சரக்கு விலை 131 ரூபாய். அரவைக்கு 12, இரண்டு பைக்கும் லேபிளுக்கும் 22, ஊரிலிருந்து வண்டிக்கு 8. இதுவரை 173 ரூபாய். ஐந்து பேருக்கு மாதம் 60,000 ரூபாய் சம்பளம். 800 கிலோவுக்குப் பிரித்தால் கிலோவுக்கு 75. வாடகை, மின்சாரம், கேஸ் சேர்ந்து 30,000. கிலோவுக்கு 37 ரூபாய் 50 காசு. ஆக, மாவு பையில் ஏறி மேஜைமேல் நிற்கும்போதே 285 ரூபாய் 50 காசு ஆகிவிட்டது.

இப்போது விற்பனைக்கு வாருங்கள். கடைக்காரர்கள் 25 சதவீதம் கழிவு எடுக்கிறார்கள். 180 ரூபாய்ப் பாக்கெட்டுக்கு நீங்கள் அவர்களுக்குப் போடும் பில் 135 ரூபாய்தான். கிலோவுக்கு 270. அடக்க விலையோ 285.50. கடையில் போகும் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 ரூபாய் 50 காசு கையைக் கடிக்கிறது. நேரடியாக விற்பதில் 360 வருகிறது, ஆனால் வீடு கொண்டுபோய்க் கொடுக்கக் கிலோவுக்கு 45 ரூபாய் செலவு. மிச்சம் 29 ரூபாய் 50 காசு. இரண்டையும் சேர்த்தால் மாதம் 5,600 ரூபாய் நிற்கிறது. அதிலிருந்து பள்ளிக்கு வாக்குக் கொடுத்த 2 ரூபாய் வீதம் 1,600 பாக்கெட்டுக்கு 3,200 போனால் 2,400. காலை ஆறு மணிக்கு வறுக்க ஆரம்பிக்கும் உங்களுக்குச் சம்பளம் இதில் ஒரு காசு கூட இல்லை.

அந்த 34 லட்சமும் சரியில்லை. எல்லாப் பாக்கெட்டையும் 180 ரூபாயால் பெருக்கியிருக்கிறீர்கள். கடைகளுக்கு நீங்கள் விற்பது 135 ரூபாய்க்கு. அப்படிப் போட்டால் வருட விற்பனை சுமார் 30 லட்சம். லேபிளில் அச்சடித்த விலை வேறு, உங்கள் விற்பனை வேறு. இதைக் குழப்பிக்கொண்டால் எத்தனை லட்சம் விற்றாலும் பணம் எங்கோ ஒழுகுவது போலவே தோன்றும்.

உங்கள் கணவர் நியாயமான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவர் கைகாட்டும் இடம் தவறு. விவசாயிகளுக்குக் கூடுதலாகக் கொடுப்பது, எல்லாத் தானியத்துக்கும் சராசரியாகக் கிலோவுக்கு 7 ரூபாய் என்று உங்கள் குறிப்பு சொல்கிறது. சேதாரத்தையும் சேர்த்தால் ஒரு கிலோ மாவுக்கு 7 ரூபாய் 80 காசு. ஒரு பாக்கெட்டுக்கு நாலு ரூபாய் கூட இல்லை. மாதம் முழுவதற்கும் சுமார் 6,200 ரூபாய். கடைக் கழிவு மாதம் 36,000. வீட்டுக்கு அனுப்பும் செலவு 18,000. பென்னாகரத்து விவசாயி உங்களைக் கவிழ்க்கவில்லை. முழுக்க மண்டிச் சரக்குக்கு மாறினாலும் இந்தத் தொழிலில் உங்களுக்கு ஒரு நல்ல சம்பளம் வந்துவிடாது. உங்கள் சரக்கை ஊரே தேடி வாங்கும் அந்த ஒரே காரணம் மட்டும் போய்விடும்.

இதைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்வது போலச் சொல்கிறேன்: நல்ல நோக்கத்தோடு தொழில் செய்பவர்கள் அந்த நோக்கத்துக்கு ஆகும் செலவைக் கணக்கில் எழுதக் கூசுகிறார்கள். புண்ணியத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா என்று நினைக்கிறார்கள். எழுதாததால் அது பெரிதாகிப் பெரிதாகி, எல்லா நஷ்டத்துக்கும் பழி அதன் தலையில் விழுகிறது. 'விவசாயிக்குக் கூடுதல் விலை' என்று கொள்முதல் நோட்டில் தனிப் பத்தி போடுங்கள். மாதக் கடைசியில் அந்தப் பத்தியின் கூட்டுத்தொகையைக் கணவரிடம் காட்டுங்கள். 6,200 ரூபாய்க்கு எத்தனை குடும்பம் பயன்படுகிறது என்று அப்போது நிதானமாகப் பேசலாம்.

பள்ளிக்கான 2 ரூபாயும் இப்படித்தான். 'முடிந்த மாதம் கொடுக்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்கியவர் அந்த 2 ரூபாயை உங்களிடம் கொடுத்துவிட்டாரே! விற்ற அன்றே அது நீங்கள் தர வேண்டிய பாக்கி. மாதம் பிறந்ததும் போன மாத பாக்கெட் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கித் தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். நோட்டு வாங்கிக் கொடுத்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். யாராவது கேட்டால் காட்டலாம், கேட்காவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடலாம். இது முடியாது என்றால் லேபிளிலிருந்து அந்த வரியை எடுத்துவிடுவது மேல்.

சரி, நஷ்டம் என்பதால் கடைகளை உடனே நிறுத்திவிடலாமா? வேண்டாம். இதை அவசரத்தில் செய்து மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைக்குப் போகும் 400 கிலோவை நிறுத்தினாலும் வாடகை குறையாது, அந்த ஐந்து பேரை அனுப்பவும் உங்களுக்கு மனம் வராது. கடையில் விற்கும் ஒரு கிலோவுக்கு வரும் 270இல் சரக்கு, அரவை, பை, வண்டி என்ற 173 போக 97 ரூபாய் மிஞ்சுகிறது. வாடகையிலும் சம்பளத்திலும் ஒரு பங்கை இதுதான் தாங்குகிறது. தவறு விலையில் இருக்கிறது. 180 ரூபாய் என்பது அடக்க விலை பார்த்து வைத்த விலை அல்ல. பக்கத்துக் கடையில் வேறொரு கம்பெனிப் பாக்கெட்டைப் பார்த்து வைத்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

விலையைச் சொல்வதற்கு முன் ஜி.எஸ்.டி.யைப் பேசியாக வேண்டும், ஏனென்றால் அது விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. சரக்கு விற்பவர்களுக்குக் கர்நாடகத்தில் வருட விற்பனை 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. 30 லட்சம் அதற்குள்தான். ஆனால் ஒசூருக்கும் சென்னைக்கும் பார்சல் அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அத்திப்பள்ளியைத் தாண்டினால் வேறு மாநிலம். வரிக்கு உட்பட்ட சரக்கை வேறு மாநிலத்துக்கு விற்றால் 40 லட்சம் கணக்கு செல்லாது. முதல் பாக்கெட்டிலிருந்தே பதிவு கட்டாயம். பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய சிறுதானிய மாவுக்கு, சிறுதானியம் எடையில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால், வரி 5 சதவீதம். 1 சதவீதம் மட்டும் கட்டும் காம்போசிஷன் திட்டம் சிறு தயாரிப்பாளர்களுக்கு எளிதுதான், ஆனால் அதில் வெளிமாநில விற்பனைக்கு இடமில்லை. ஒசூர், சென்னை வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு பேர்தான் என்றால் அவர்களை விட்டுவிட்டு காம்போசிஷனுக்குப் போவதே நல்லது. நூறு பேர் என்றால் 5 சதவீத வரி கட்டும் முறையான பதிவுக்குப் போங்கள். இதுவரை அனுப்பியதை மூடி மறைக்க வேண்டாம். பார்சல் ரசீதுகளை எடுத்துக்கொண்டு ஒரு ஆடிட்டரிடம் உட்காருங்கள். மோசடி நோக்கம் இல்லாதபோது, நோட்டீஸ் வருவதற்கு முன்பே வரியை வட்டியோடு நாமே கட்டிவிட்டால் அபராதம் இல்லை.

2025 ஜூலையில் நம் ஊரில் நடந்தது நினைவிருக்கும். 2021-22 முதல் 2024-25 வரையிலான யு.பி.ஐ. வரவுகளைப் பார்த்து வணிக வரித் துறை சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பல கடைகளில் க்யூ.ஆர். அட்டையைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். அந்த நேரத்தில் அதிகம் தவித்தவர்கள் வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் ஒரே எண்ணில் வாங்கியவர்கள். தங்கை அனுப்பிய சீட்டுப் பணம், திருப்பி வந்த கைமாற்று, பெண்ணின் பள்ளிக் கட்டணத்துக்கு அண்ணன் போட்ட தொகை எல்லாம் விற்பனை போலவே தெரியும். இல்லை என்று நிரூபிப்பது நம் பொறுப்பு. உங்கள் பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் எண்ணுக்குத்தான் வீட்டுப் பணமும் வருகிறது என்று தெரிகிறது. தொழில் பெயரில் நடப்புக் கணக்கு ஒன்று திறந்து, அதற்குத் தனி க்யூ.ஆர். வாங்குங்கள். வீட்டுக்குப் பணம் வேண்டுமானால் அந்தக் கணக்கிலிருந்து 'என் சம்பளம்' என்று எழுதி எடுங்கள், கல்லாவில் கைவிட்டு எடுக்க வேண்டாம். ரொக்கம் மட்டும் வாங்கி ஒளிந்துகொள்ளும் யோசனையை யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வருமான வரி இப்போதைக்கு உங்களுக்குப் பெரிய கவலை இல்லை. அனுமான அடிப்படையில் கணக்குக் காட்டும் முறையில் வங்கி, யு.பி.ஐ. வழி வரவில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும். அது வரிக்கான எண் மட்டுமே. அதை உங்கள் நிஜ லாபம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது விலை. முறையான பதிவுக்குப் போனால் 180 ரூபாய் தாங்காது. 5 சதவீத வரியும் அந்த விலைக்குள்ளிருந்தே போவதால் மாதம் 12,000 ரூபாய் குறைந்து, தொழில் நேரடியாக நஷ்டத்தில் இறங்கும். அரைக் கிலோவுக்கு 210 ரூபாய் என்று வையுங்கள். கடைக் கழிவு அதே 25 சதவீதம் இருக்கட்டும், விலை ஏறியதால் விற்பனை பத்தில் ஒரு பங்கு குறைவதாகவும் வைத்துக்கொள்வோம். அப்போதும் வரி கட்டி, ஐந்து பேர் சம்பளம், வாடகை எல்லாம் கொடுத்து மாதம் 21,000 ரூபாய் நிற்கும். பள்ளிக்கு 2,880. உங்களுக்கு 15,000 சம்பளம். மிச்சம் மூவாயிரத்துச் சொச்சம், எதிர்பாராத செலவு வந்தால் கைகொடுக்க. பெரிய பணம் இல்லை, ஆனால் நிஜப் பணம். சம்பளம் எடுக்காமல் உழைப்பதைப் பெருமையாக நினைக்காதீர்கள். நாளைக்கு உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் அந்த வேலைக்கு ஆள் வைக்கவேண்டும். அப்போது இந்தத் தொழில் ஒரு மாதம் கூடத் தாங்காது, அந்த ஐந்து பேருக்கும் வேலை போகும்.

அவர்களைப் பற்றி ஒன்று. காலை ஒன்பதரை முதல் மதியம் இரண்டரை வரை வேலை, மாதம் 12,000 என்று எழுதியிருக்கிறீர்கள். கர்நாடக அரசின் குறைந்தபட்சக் கூலி தொழிலுக்குத் தொழில் மாறும். அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரலிலும் கூடும். உங்கள் தொழிலுக்கு உரிய கூலியை மணிக்கணக்கில் பிரித்துப் பார்த்து, குறைந்தால் ஏற்றிக் கொடுங்கள். பெண்களுக்கு வேலை கொடுக்கிறேன் என்று சொல்பவர் இதில் ஒரு ரூபாய் கூடக் குறையக் கூடாது.

வங்கி காலியாக இருப்பதற்கு இன்னொரு காரணம், லாபத்தோடு சம்பந்தமில்லாதது. விவசாயிக்கு அறுவடையிலேயே ரொக்கம், கடைக்காரரிடமிருந்து இரண்டு மாதம் கழித்துக் காசு. கடைகளில் எப்போதும் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் உங்கள் பணம் நிற்கிறது. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆன்லைனில் முடிந்துவிடும். பதிந்த சிறு தயாரிப்பாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பெரிய கடைகளோடு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. பில்லில் உத்யம் எண்ணையும் '30 நாள்' என்பதையும் அச்சடியுங்கள். அவர்கள் கணக்குப் பிரிவுக்கு அதன் பொருள் தெரியும்.

கடைசியாக லேபிள். 'ஆர்கானிக்' என்ற சொல்லை, உங்களைப் போல வாங்கி, அரைத்து, அடைத்து விற்பவர் சும்மா போட முடியாது. 2017இல் வந்த விதிகளின்படி, தேசிய இயற்கை உற்பத்தித் திட்டமான என்.பி.ஓ.பி.யின் சான்றோ, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரையொருவர் சரிபார்க்கும் பி.ஜி.எஸ். இந்தியா சான்றோ வேண்டும். உங்கள் விவசாயிகள் மருந்தே அடிப்பதில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம்; சான்று இல்லாமல் அந்தச் சொல் வேண்டாம். வேண்டுமானால் அவர்கள் சிறு குழுவாகச் சேர்ந்து பி.ஜி.எஸ். சான்று வாங்க நீங்கள் உதவலாம், அது அவர்களுக்கும் நிற்கும். துண்டுச் சீட்டில் 'சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும்' என்று இருக்கிறதே, அதை இன்றே எடுத்துவிடுங்கள். உணவு நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்ய அனுமதி இல்லை, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் பாக்கெட்டில் இருக்கிறதா, உங்கள் விற்பனை அளவுக்குச் சாதாரணப் பதிவு போதுமா, லைசென்ஸ் வேண்டுமா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மண்டிக் கேழ்வரகு விஷயத்தில் உங்கள் மனசு உறுத்தியது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. மண்டியில் வாங்கியது குற்றமில்லை, அந்த மாதங்களிலும் 'விவசாயியிடமிருந்து நேரடியாக' என்றே ஒட்டியதுதான் தவறு. பெரிய லேபிளிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு அரவைக்கும் ஒரு பேட்ச் எண் கொடுங்கள். அந்த எண்ணைக் கொள்முதல் நோட்டில் வாங்கிய தேதிக்கும் ஆளின் பெயருக்கும் நேராக எழுதுங்கள். பாக்கெட்டின் பின்பக்கம் ஒரு சிறிய ஸ்டிக்கர் போதும்: 'இந்தப் பேட்ச்சின் கேழ்வரகு பென்னாகரம் விவசாயிகளிடம் வாங்கியது' அல்லது 'இதில் மூன்றில் ஒரு பங்கு கேழ்வரகு யஷ்வந்த்பூர் மண்டியில் வாங்கியது'. இதனால் வாடிக்கையாளர் ஓடிவிட மாட்டார்; சரக்கு தீர்ந்தது, வெளியில் வாங்கினோம் என்று சொல்பவரை நம்பித்தான் அடுத்த மாதமும் வாங்குவார். நோட்டில் இருப்பது மட்டும் லேபிளில் இருந்தால் நீங்கள் எந்த அதிகாரிக்கும் எந்த வாடிக்கையாளருக்கும் பதில் தேட வேண்டியதில்லை. கணக்குக்காக எழுதும் அதே நோட்டு உங்கள் சொல்லுக்கும் சாட்சியாகிறது, இரண்டு வேலை இல்லை.

விலை ஏற்றுவதையும் இப்படியே நேராகச் சொல்லுங்கள். '210 ரூபாயில் நாலு ரூபாய் விவசாயிக்குக் கூடுதலாகப் போகிறது, 2 ரூபாய் பள்ளிக்கு, 10 ரூபாய் அரசு வரி' என்று வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். ஒரு மாதம் முன்கூட்டியே சொல்லுங்கள், கடைக்காரர்களுக்குத் தனியாகப் போய்ச் சொல்லுங்கள்.

இந்த வாரம் நடப்புக் கணக்குக்கும் ஜி.எஸ்.டி. பதிவுக்கும் சேர்த்துப் பான், ஆதார், வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது எல்லாம் எடுத்து வையுங்கள். வாடகைப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கணவர் பெயரில் இருந்தால் அவருடைய சம்மதக் கடிதமும் வேண்டும். கேட்கும்போது அடக்க விலைத் தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.